பஞ்சு கொட்டாத நூல்

தரையில் விரிக்கிற ரக்கை வீட்டிலேயே செய்வதற்கு எந்த நூல் நல்லது என்று இப்போதும் யாராவது போன் செய்து கேட்கிறார்கள். தெரிந்ததைச் சொல்கிறேன். எது மிதிக்க மிதிக்க அமுங்கிப்போகும், எது சாயம் விடும், எது மெஷினுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு உயிரை வாங்கும், எல்லாம் எனக்கு அத்துப்படி. தொழில்மேல் இருந்த ஆசையில் கற்றுக்கொண்டேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். தம்பி வீட்டு மாடியறையை விட்டுப் போகச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில் கற்றுக்கொண்டது அம்புட்டும்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளித் தம்பி வீடு கட்டியிருந்தான். என் கல்யாணம் சரிப்படாமல் நான் திரும்பி வந்தபோது அம்மா ஏற்கெனவே அவனோடு இருந்தாள். மாடியில் இருந்த ஒற்றை அறையை எனக்குக் கொடுத்தார்கள். கொடுத்தார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். அங்கேதான் மரச்சட்டத்தை நிறுத்தி, கெட்டித் துணியை ஆணியில் இழுத்து மாட்டி, ரக் போட ஆரம்பித்தேன். டிரில்லர் மாதிரி கையில் பிடிக்கிற மெஷின் அது. துணியின் பின்பக்கம் வைத்து அழுத்திக்கொண்டே போனால் ஊசி நூலைக் குத்தி இறக்கும், கூடவே ஒரு கத்தரி வெட்டும், முன்பக்கம் நூல் புல் மாதிரி நிற்கும். பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் பூனை முகம், பூ, பேரெழுத்து என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

முதலில் பருத்தி நூல்தான் வாங்கினேன். மதுரைக்காரி வேறு எதை வாங்குவாள்? விளக்குத்தூண் பக்கத்து நூல்கடையில் கோன் கோனாகக் கிடைத்தது. சாயம் நன்றாகப் பிடித்திருந்தது, காலுக்குக் குளிர்ச்சி. ஆனால் மெஷின் வெட்ட வெட்டப் பஞ்சு பறந்தது. ஃபேன் றெக்கையில் தாடி மாதிரி தொங்கியது.

ஒருநாள் தம்பி மனைவி முறத்தோடு மேலே வந்தாள். முறத்தில் பஞ்சு. படியில் பெருக்கியது என்றாள். பையனுக்கு இருமல் நிற்கவே மாட்டேனென்கிறது, இந்தத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை போல என்று மெதுவாகச் சொன்னாள். அவள் எப்போதும் மெதுவாகத்தான் பேசுவாள். சத்தம் போட்டுச் சண்டைக்கு வந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

பிள்ளைக்கு இருமல் என்றால் சும்மா இருக்க முடியுமா? மறுநாளே நூலை மாற்றக் கிளம்பினேன். ஃபேன்ஸி ஸ்டோரில் உல்லன் நூல் என்று உருண்டை உருண்டையாக விற்பார்களே, அதை வாங்கினேன். பேர்தான் உல்லன், எல்லாம் அக்ரிலிக். கோனில் சுற்றி எடுக்காமல் உருண்டையோடு விட்டால் வெடுக்வெடுக்கென்று இழுத்து மெஷின் துணியை விட்டு எகிறும். அதையும் பழகினேன். ஆனால் ரக்கை முடித்து மேல்மட்டத்தைச் சமமாக வெட்டும்போது பருத்தியைவிட அதிகமாக முடி பறந்தது. பையனின் யூனிஃபார்ம் டவுசரில் ஒட்டியிருந்ததை அவள் ஒவ்வொன்றாகப் பிய்த்து எடுத்துக் காட்டினாள்.

அதற்கப்புறம் நூல்கடைக்குப் போனால் ஒரு கறுப்புக் குடைத்துணியைக் கூடவே கொண்டுபோனேன். நூலைப் பிடித்து அதில் தேய்ப்பேன். முறுக்கைப் பிரித்து உள்ளே இழை குட்டையா நீளமா என்று பார்ப்பேன். குட்டை இழை என்றால் கொட்டும். முறுக்குத் தளர்ந்திருந்தால் இன்னும் கொட்டும். கடைக்காரர் என்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். நல்ல முறுக்கு ஏறிய நூலாகத் தேடி எடுத்துவந்து வைத்தபோது, தூசி பரவாயில்லை மதினி, அந்தப் பசை வாடைதான் தலையை வலிக்கிறது என்றாள். குத்திய நூல் உருவி வராமலிருக்க ரக்கின் பின்பக்கம் பசை தடவ வேண்டும், அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். பிறகு மெஷின் சத்தம். பையன் பள்ளிக்கூடம் போனபிறகு மட்டும் ஓட்டினேன். திரும்பவும் தூசி என்றாள்.

வேண்டாத பொண்டாட்டி கைபட்டாலும் குத்தம், கால்பட்டாலும் குத்தம் என்பார்கள். நாத்தனாருக்கும் அது செல்லும் என்று எனக்கு உறைக்கவே இல்லை. படித்தவள்தான் நான். ஆனால் நூல் கொட்டுகிறது என்று ஒருத்தி சொன்னால், கொட்டாத நூலைத் தேடுவதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

கடைசியில் அதையும் கண்டுபிடித்தேன். கார்ப்பெட் மில்லில் மிஞ்சிய நூல், பிளாஸ்டிக் இழை. ஒவ்வொரு இழையும் அறுபடாமல் கோன் முழுக்க ஒரே நீளமாக ஓடும், அதனால் உதிர்வதற்கு அதில் ஒன்றுமே இல்லை. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை. ஒரு பளபளப்பு, காலை வைத்தால் சொரசொரப்பு. வாங்கிய பிள்ளைகளும் முன்னே மாதிரி மெத்தென்று இல்லையே அக்கா என்றார்கள், ஆர்டர் குறைந்தது. போனால் போகிறது, அறை நின்றால் போதும் என்று இருந்தேன்.

முதல் ரக்கை முடித்து, கறுப்புத் துணியில் அழுத்தித் தேய்த்து, கீழே கொண்டுபோய் எல்லோரிடமும் காட்டினேன். துணியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. நல்லா இருக்கு மதினி என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அம்மா துணியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அன்றைக்கு வந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என்மீதே ஆத்திரம் வருகிறது.

அந்த வாரக் கடைசியில் நான் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி கதவைத் தட்டாமல் திறந்தாள். பின்னால் ஒரு பெரியவரும் காலேஜில் படிக்கிற மாதிரி ஒரு பெண்ணும் நின்றார்கள். அவள் ஜன்னலைத் திறந்து காட்டினாள்.

"நல்லாக் காத்து வரும் சார். மெயின் ரோட்ட விட்டு உள்ள இருக்கா, தூசியே வராது" என்றாள்.

அவர் சட்டத்தையும் கோன்களையும் பார்த்துவிட்டு இதெல்லாம் என்ன என்று கேட்டார். எங்க மதினியோடது, காலி பண்ணிக்குவாங்க என்றாள் அவள். என் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். என் விரல் இன்னும் மெஷின் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்திருக்கிறது. ஊசி ஒரே இடத்தில் குத்திக் குத்தித் துணி கிழிந்துவிட்டது.

அவர்கள் இறங்கிப் போனதும் நான் அம்மாவிடம் போனேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். உனக்கு இது முன்னாடியே தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையை ஆட்டினாள். எப்போதிருந்து என்றேன். அவள் கீரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"கூடப் பொறந்தவன் வாயத் தொறந்து வெளிய போன்னு சொல்லுவானா? அதான் அவ நூலச் சொன்னா. நீ என்னடான்னா நூல மாத்திக்கிட்டே இருக்க."

திட்டுகிற குரல்கூட இல்லை அது. கணக்குப் புரியாத பிள்ளையிடம் டீச்சருக்கு வருமே, அந்தச் சலிப்பு. வீட்டில் அத்தனை பேருக்கும் விளங்கியிருந்திருக்கிறது. நான் ஒருத்திதான் குடைத்துணியைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக அலைந்திருக்கிறேன்.

"நீயாவது என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லம்மா" என்றேன்.

அம்மா அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். குரலை இறக்கினாள்.

"நானும் இந்த வீட்லதானடி இருக்கணும்."

கொஞ்சநேரம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து கீரையை உருவிக் கொடுத்தேன்.