பெட்டி பார்த்த ஐரோப்பா

ஐரோப்பாவைக் கூட்டத்தோடு போய்ப் பார்ப்பதா, தனியே போய்ப் பார்ப்பதா என்ற கேள்வி எங்கள் வீட்டில் மாசக்கணக்காக ஓடியது. எங்கள் ஊரான புளியங்கூடலில் அதுவரை ஒருவருக்கும் அப்படியொரு கேள்வி வந்ததில்லை. அதனால் எல்லோரிடமும் பதில் இருந்தது.

எழுபதுகளின் கடைசிப் பகுதி அது. என் மனுசன் இவர், அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்தும் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தும் ஓய்வு பெற்றிருந்தோம். மகள் லண்டனில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்தாள். பிளேன் ரிக்கற் அனுப்பி, வந்து கொஞ்சநாள் நில்லுங்கோ என்றாள். வந்தால் ஐரோப்பாவையும் பார்க்கலாம், மலிவான பஸ் சுற்றுலா ஒன்று இருக்கிறது, இல்லாவிட்டால் ரயிலில் நீங்களாகவே போய் வரலாம், எது விருப்பம் என்று கேட்டிருந்தாள்.

எனக்கு ஐரோப்பா வேண்டாம். எனக்கு வேண்டியது ஜேர்மனியில் கொலோன் என்ற ஒரேயொரு ஊர். அங்கே என் தம்பி இருந்தான்.

அம்மா செத்தபிறகு அவனை வளர்த்தது நான்தான். எங்களோடுதான் இருந்தான். கம்பஸில் படிக்க இடம் கிடைக்காமல் அவன் வீட்டில் நின்ற காலத்தில், இவர் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஒரு கேள்வி கேட்பார்: “தம்பி, இனி என்ன செய்யிற யோசினை?” அதட்டிக் கேட்கமாட்டார். சொதியை ஊற்றிக்கொண்டே கேட்பார். ஒவ்வொரு நாளும் கேட்பார். ஒருநாள் காலமை தம்பி பையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல் படலைக்குப் போனான். அங்கே நின்று திரும்பி, “அத்தான், நான் போறன்” என்றான். போய்விட்டான். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து, ஹாம்பேர்க்கில் இறங்கினவன் பிறகு கப்பலுக்குத் திரும்பவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவரும் ‘போறன்’ என்று சொல்வதில்லை. கடைக்கு உப்பு வாங்கப் போகிறவரும் ‘போட்டு வாறன்’, போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்லுவார். செத்தவீட்டில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் எழும்பி வருவோம். தம்பி போனது இவருக்குப் பெரிய விஷயமில்லை. போறன் என்று சொல்லிப் போனதுதான் நெஞ்சில் முள்ளாக நின்றது. ஊரில் யாராவது “மச்சான் எப்ப வாறார்?” என்று கேட்டால், “அவன் போறன் எண்டு சொல்லிப்போட்டுப் போனவன். சொன்னபடி நடக்கிறான். பிழை சொல்ல ஏலாது” என்பார்.

தம்பிக்கு அந்த நாட்டில் தங்கக் கடதாசி சரிவரவில்லை. வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். லண்டனுக்கும் வர ஏலாது, ஊருக்கும் வர ஏலாது. நான்தான் போகவேண்டும். இந்த வயதில் இதைவிட்டால் எனக்கு இன்னொரு பயணம் இல்லை என்பதும் தெரியும்.

இவர் கூட்டத்தோடு போகும் கட்சி. பக்கத்து ஊர் சுருவிலில் ஒருவர் இந்தியாவுக்கு யாத்திரைக் கோஷ்டி கொண்டுபோவார். இவர் அவரோடு ஒருமுறை போய் வந்தவர். அந்த மனுசன் கையில் மணி வைத்திருப்பார். கிலுக்கினால் எழும்ப வேண்டும், கிலுக்கினால் கும்பிட வேண்டும், கிலுக்கினால் சாப்பிட வேண்டும். கோயில் வாசலில் தலை எண்ணி உள்ளே விட்டு, தலை எண்ணி வெளியே எடுப்பார். இவர் ஊரை விட்டுப் போனதிலும் பார்க்க உடம்பு வைத்துத்தான் திரும்பி வந்தார். எந்தக் கோயிலில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன். “எல்லாம் பாத்தனாங்கள்” என்றார். அதற்குமேல் விவரம் இல்லை.

தனியே போகும் கட்சிக்கு இறுப்பிட்டியிலிருந்து ஒரு கப்பல்காரர் கிடைத்தார். கப்பலில் சமையல் வேலை செய்து இளைப்பாறியவர். விஷயத்தைக் கேள்விப்பட்டுச் சைக்கிளில் வந்து எங்கள் விறாந்தையில் இருந்துவிட்டார். ரொட்டர்டாம், ஹாம்பேர்க், மார்செய் எல்லாம் தனக்குத் தண்ணி பட்ட பாடு என்றார்.

“துறைமுகத்துக்கு வெளியில என்ன அண்ணை இருக்கு?” என்று கேட்டேன்.

“ஒரு கடை இருக்கு” என்றார். “ஊர் அதுக்குப் பின்னால இருக்கும் எண்டு நினைக்கிறன்.”

ஆனாலும் அவர் தந்த புத்தி எனக்குப் பிடித்தது. ரயிலில் ஏறினால் அது போகிற இடத்துக்குப் போகும், நீங்கள் இறங்குகிற இடத்தில் இறங்குங்கோ, இதுக்கு மணி எதுக்கு என்றார். இவர் அவருக்கு இரண்டாவது தேத்தண்ணி கொடுக்கச் சொல்லவில்லை.

லண்டனில் போய் இறங்கியபோதும் முடிவு இல்லை. மகள் பஸ் சுற்றுலாக்காரரின் படம்போட்ட புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பெல்ஜியம், ஜேர்மனி, சுவிற்சர்லாந்து, பிரான்ஸ் என்று போட்டிருந்தது. இவர் கண்ணாடியைப் போட்டு ஒவ்வொரு வரியாக வாசித்துவிட்டு நிமிர்ந்தார்.

“கொலோனிலயும் பஸ் நிக்குதாம். பிறகென்ன? தம்பியை அதில வந்து நிக்கச் சொல்லுங்கோவன்.”

“எவ்வளவு நேரம் நிக்குமாம்?”

“ஒரு மணித்தியாலம். அதுக்குள்ள ஒரு பெரிய சேர்ச்சும் பாக்கலாம்.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில வருத்தக்காரரைப் பாக்கவும் அதைவிடக் கூட நேரம் விடுவாங்கள்” என்றேன். “பஸ்ஸுக்கே காசைக் கட்டுங்கோ. ஆனா நான் கொலோனில இறங்கிவிடுவன். தம்பியோட நிண்டுட்டு ரயிலில வாறன். நீங்கள் உங்கட சுத்துலாவைப் பாத்துட்டு வாங்கோ.”

“தனிய வரத் தெரியுமே?”

“வந்தால் தெரியும்.”

இவருக்குக் கோபம் வந்தால் பேப்பர் வாசிப்பார். அன்றைக்கு இங்கிலிஷ் பேப்பரில் குதிரை ஓட்டப் பக்கம் வரைக்கும் வாசித்தார். மகள் சத்தம்போடாமல் எங்கள் இரண்டு பேருக்கும் கொலோனிலிருந்து திரும்பும் ரயில் ரிக்கற் வாங்கி என் கைப்பைக்குள் வைத்தாள். இவருடையதை இவருக்குக் காட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

பஸ்ஸில் வழிகாட்டி ஒரு மெல்லிய பெட்டை. மஞ்சள் குடை ஒன்று வைத்திருந்தாள். மழைக்குப் பிடிக்கமாட்டாள், தூக்கிக் காட்டத்தான். ஏறும்போது தலை எண்ணினாள், இறங்கும்போது தலை எண்ணினாள். இவருடைய முகத்தில் பழைய நிம்மதி வந்தது. பெரிய பெட்டி பஸ்ஸின் வயிற்றுக்குள் போனது. தம்பிக்குக் கொண்டுவந்த பையை மட்டும் நான் மடியிலேயே வைத்திருந்தேன். காய்ந்த பனங்கிழங்கு ஒடியல், பனம்பழப் பினாட்டு, மிளகாய்த்தூள், கருவாடு. பெல்ஜியம் தாண்டும்போது கருவாடு தன் குணத்தைக் காட்டத் தொடங்கியது. முன் சீற்றுக்காரர் தன் சப்பாத்தைக் கழற்றிப் பார்த்தார். பெட்டை ஒலிபெருக்கியில் ஏதோ கோட்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு யன்னலாகத் திறந்துகொண்டு போனாள். நான் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொலோன் வரைக்கும் இவர் நான் இறங்கப்போவதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. இவர் இல்லாமல் நான் யாழ்ப்பாணம் பட்டினத்துக்கே அதிகம் போனதில்லை.

அந்தச் சேர்ச் பெரிதுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் அதன் அடியை மட்டும்தான் பார்த்தேன். சனத்துக்குள் தம்பியைத் தேடினேன், காணவில்லை. கண் கலங்கி ஒன்றும் தெரியவில்லை.

“அங்க நிக்கிறான்” என்றார் இவர். “அந்தத் தூணோட. தலைமயிர் கொட்டிப்போச்சு.”

தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்தான். பையை அவன் கையில் கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு அழத் தொடங்கினான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இவரிடம் போனான்.

“அத்தான், சுகமா இருக்கிறியளே?”

“இருக்கிறம்” என்றார் இவர். சேர்ச்சின் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார்.

மிச்ச நேரம் படியில் இருந்தோம். என்ன கதைத்தோம் என்று நினைவில்லை. ஒருகட்டத்தில் மஞ்சள் குடை உயர்ந்தது. ஆட்கள் பஸ்ஸுக்குப் போகத் தொடங்கினார்கள். நான் எழும்பவில்லை. இவர் எழும்பினார். தம்பி இவருடைய முகத்தையும் என் முகத்தையும் பார்த்தான். நான் நிற்கப்போவது அவனுக்குத் தெரியும், இவர் நிற்கமாட்டார் என்றும் நினைத்திருந்தான்.

“பஸ் வெளிக்கிடப்போகுது. நீங்கள் போங்கோ அத்தான்” என்றான்.

இவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். “போட்டு வாங்கோ எண்டு சொல்ல இவனுக்கு இன்னும் வாய் வரேல்லை” என்று என்னிடம் சொன்னார். “நான் இப்பிடியே போனால் இதுதான் கடைசிச் சொல்லா இருக்கும்.”

சொல்லிவிட்டுக் குடையை நோக்கி நடந்தார். சரி, போகிறார் என்று நினைத்தேன். குடைக்குக் கிட்டப் போய் நின்று, கச்சேரியில் ஏஜண்டுத்துரைக்கு முன்னால் நிற்பதுபோல நிமிர்ந்து நின்று, அந்தப் பெட்டையிடம் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள். இவர் திரும்பி வந்து எங்களோடு படியில் இருந்தார்.

“சொல்லிப்போட்டன்” என்றார். “வாருங்கோ, போவம்.”

தம்பியின் அறை சேர்ச்சிலிருந்து நடக்கிற தூரம். அவன் வேலைசெய்த சாப்பாட்டுக்கடைக்கு மேலே இருந்தது. கோதுமை மாவில் புட்டு அவித்தான். சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது கீழே கடையில் அவனுக்கு ரெலிபோன் வந்தது. மகள் லண்டனிலிருந்து. பஸ்காரர் அவளுக்கு அறிவித்திருந்தார்கள். பஸ் சேர்ச் வாசலில் நின்றுகொண்டே இருந்ததாம். சேர்ச்சுக்குள் தேடினார்களாம். பிறகு பொலிஸ்காரரும் வந்து தேடினாராம். சுவிற்சர்லாந்து போகவேண்டிய அவ்வளவு சனமும் யன்னலால் எட்டிப் பார்த்துக்கொண்டு இருந்ததாம்.

“நீங்கள் அந்தப் பெட்டைக்கு என்ன சொன்னனீங்கள்?” என்று கேட்டேன்.

“விடைபெறேக்க சொல்லுறதைத்தான் சொன்னனான். வீ வில் கோ அண்ட் கம்.”

போட்டு வாறம் என்பதை இவர் சொல்லுக்குச் சொல் இங்கிலிஷில் சொல்லியிருக்கிறார். அவள் அதை அப்படியே நம்பியிருக்கிறாள்.

“போறம் எண்டு சொல்லியிருக்கலாமே அப்பா எண்டு பிள்ளை கேக்கிறாள், அத்தான்” என்றான் தம்பி.

“அந்தப் பிள்ளை எங்களை ஒழுங்காப் பாத்தவள். அவளிட்டப் போய் எப்பிடிப் போறம் எண்டு சொல்லுறது?” என்றார் இவர். “எப்ப வருவம் எண்டும் நான் சொல்லேல்லையே.”

தம்பி சிரித்தான். இவரும் சிரித்தார். அந்த இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்ததை நான் முதன்முதல் கண்டது அன்றைக்குத்தான். பெட்டி பஸ்ஸோடு போய்விட்டது என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது. இவர் தம்பியின் சாரத்தை வாங்கி உடுத்துக்கொண்டார். நான் அவனுடைய சேட்டு ஒன்றைச் சீலைக்கு மேலே போட்டுக்கொண்டேன். எங்களுடைய பெட்டி சுவிற்சர்லாந்து மலைகளுக்கும் பாரிசுக்கும் போய், ஒவ்வொரு ஹொட்டலிலும் இறங்கி ஏறி, ஒழுங்காக லண்டன் வந்து சேர்ந்தது. மலிவுச் சுற்றுலாவை முழுதாக அனுபவித்தது அதுதான்.

நாங்கள் ஐரோப்பாவில் பார்த்தவை: தம்பியின் அறை, உடுப்புத் தோய்க்கும் கடை, ஒரு ஆறு, ஆற்றங்கரையில் குந்தியிருக்க ஒரு மரவாங்கு. தம்பி வேலைக்குப் போனபிறகு இவரும் நானும் அந்த வாங்கில் போய் இருப்போம். ஒருவரும் எங்களை எண்ணவில்லை. இவர் ஒருநாளும் தம்பியிடம் இனி என்ன செய்யிற யோசினை என்று கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் வாய் உன்னும், நான் பார்ப்பேன், புட்டை எடுத்து வாய்க்குள் போட்டுவிடுவார்.

வெளிக்கிடும் நாள் தம்பி ஸ்டேசனுக்கு வந்தான். நாங்கள் ஏறி இருந்தோம். இவர் யன்னலை இறக்கினார்.

“போட்டு வாறம்” என்றார்.

“ஓம் அத்தான். போட்டு வாங்கோ.”

“நீர் ஒண்டு சொல்லக் கிடக்கு” என்றார் இவர்.

“என்ன அத்தான்?”

“படலையில நிண்டு சொல்லாமல் விட்டது.”

தம்பிக்கு விளங்க நேரம் எடுத்தது. பிறகு அவனுடைய முகம் ஒருமாதிரிப் போனது. “நான் இஞ்சதானே நிக்கிறன். போறது நீங்களல்லோ” என்றான்.

“பரவாயில்லை. சொல்லும்.”

வண்டி அசைந்தது. தம்பி கூடவே நடந்தான்.

“போட்டு வாறன் அத்தான்” என்றான்.

“ஓம்” என்றார் இவர். “போட்டு வாரும்.”

அவன் நின்ற இடத்தில் நின்றான். நாங்கள்தான் போனோம்.

ஊருக்கு வந்ததும் இறுப்பிட்டியார் சைக்கிளில் வந்தார். கூட்டத்தோடு போவது நல்லதா, தனியே போவது நல்லதா என்று கேட்டார். பெட்டியைக் கூட்டத்தோடு அனுப்பிவிட்டு ஆட்கள் தனியே போவது நல்லது என்று இவர் சொன்னார். அவருக்கு அது விளங்கவில்லை, ஆனால் இந்தமுறை இரண்டாவது தேத்தண்ணியும் கிடைத்தது. குடித்து முடித்து எழும்பும்போது கேட்டார்:

“மச்சானையும் கண்டனீங்களாமே. அவர் எப்ப வாறார்?”

நான் இவரைப் பார்க்காமல் கோப்பையை எடுத்தேன்.

“அவன் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவன்” என்றார் இவர்.

நான் கோப்பையோடு குசினிக்குள் போய்விட்டேன்.