சங்குக்கு நிற்காத டீம்

போன வாரம் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் டிவியில் ஏதோ ஐரோப்பியக் கால்பந்து ஆட்டத்தைப் போட்டுவிட்டு, மாமனார் வந்திருப்பதையே மறந்து சோபா நுனிக்கு வந்துவிட்டார். மைதானத்தின் ஓரத்தில் கோட் சூட் போட்ட நரைத்த தாடிக்காரர் ஒருவர் கையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தார். "இவருதானுங்க மாமா மேனேஜர். ஸ்பெயின்காரரு. ஒரு காலத்துல மிட்ஃபீல்டுல ஆடுனவரு" என்றார் மருமகன். அடடே, இந்த ஆளைத் தலை கறுப்பாக இருந்த காலத்திலேயே எனக்குத் தெரியுமே! தொண்ணூறுகளில் ஓர் உலகக் கோப்பையின்போது எங்கள் மில் மனமகிழ் மன்றத்து டிவியில் பார்த்திருக்கிறேன். பெயர் அன்றைக்கும் வாயில் நுழையவில்லை, இன்றைக்கும் நுழையவில்லை.

அன்று என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மருதாசலம் அண்ணன். எங்கள் மில் டீமின் நடுக்கள ஆட்டக்காரர். "டேய், அந்தாளப் பாரு. பந்து கால்ல வர்றதுக்கு முன்னாடியே நாலாபக்கமும் திரும்பிப் பாத்துக்கறான்" என்று என் தொடையில் ஓங்கித் தட்டினார். "ஓடவே மாட்டேங்கறாருங்ணா" என்றேன். "ஓடறதுக்குத்தான் உன்னையாட்ட ஆளுக இருக்கறீங்களே. அவன் எதுக்கு ஓடோணும்?"

நான் சிங்காநல்லூர்ப் பக்கத்து மில் ஒன்றில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தேன். டீமில் ரைட் பேக். என் ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பஞ்சு குடோன் கூரைமேல் ஒரு பந்து கிடந்தால், அடித்தது யார் என்று யாரும் விசாரிக்கவே மாட்டார்கள்.

அந்த டீம் என்று நினைத்தாலே வலித்தைல வாசமும் அவித்த முட்டை வாசமும் கலந்து வருகிறது. பிராக்டீஸ் முடிந்ததும் மில் கேன்டீனில் முட்டையும் பாலும் தருவார்கள். முட்டைக்காகவே டீமில் சேர்ந்தவர்கள் உண்டு, சத்தியமாக நானும் அதில் ஒருவன். அப்போது கோயமுத்தூரில் கொஞ்சம் பெரிய மில் என்றால் ஒரு கால்பந்து டீம் இருக்கும். நன்றாக ஆடுகிறவனை எங்கிருந்தாலும் பிடித்து வந்து பதிலி வேலை கொடுப்பார்கள். பதிலி என்றால், நிரந்தரத் தொழிலாளி லீவு போட்ட அன்றைக்கு மட்டும் வேலை. நாலு கோப்பை வாங்கிக் கொடுத்தால் ஒருநாள் பர்மனென்ட் ஆகலாம் என்று ஒரு நம்பிக்கை. மருதாசலம் அண்ணன் அந்த நம்பிக்கையிலேயே வருஷக்கணக்காக ஆடினார். அவர் கோல் அடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் கோல் ஒவ்வொன்றும் அவர் காலைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

மதுக்கரைப் பக்கம் ஒரு மேட்சில் அவருடைய முழங்கால் போயிற்று. மைதானமா அது, கல்லுக்குழி! ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி ருக்மணியக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஏன் கண்ணு, ஆட முடியாதுன்னு ஆனாலும் மில்லுல வெச்சுக்குவாங்களா?" நான் வெச்சுக்குவாங்கக்கா என்றேன். எனக்கு என்ன தெரியும்? இரண்டு பெண் குழந்தைகள், வாடகை வீடு, பதிலி வேலை. அந்த வேலைக்குக் காரணமான காலோ கட்டுப் போட்டுக் கிடக்கிறது.

எங்கள் ஊரில் ஆளை வேலையை விட்டு நிறுத்தும்போதுகூட மரியாதை குறையாது. லேபர் ஆபீசர் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "நீங்க ஊட்ல நல்லா ரெஸ்ட் எடுங்க மருதாசலம்" என்றார். துணைக்கு நானும் போயிருந்தேன். அண்ணன் காபியைத் தொடவில்லை. "ரெஸ்டு வேண்டாமுங்க. டீமை என்ற கைல குடுங்க. நான் பழக்கறனுங்க" என்றார். கோச் என்று ஒரு வேலையே மில்லில் கிடையாதே என்றார் ஆபீசர். கடைசியில் யோசித்துச் சொன்னார்: "இந்த சீசன் பாருங்க. கோப்பை வந்தா பர்மனென்ட் பண்ணிப்போடறேன். வராட்டி தப்பா நெனச்சுக்கப்படாதுங்க." அப்படியாக, கோப்பையை ஒருநாளும் பக்கத்தில் பார்த்திராத எங்கள் கையில் அந்த மனுஷனின் சோறு வந்து விழுந்தது.

அண்ணன் ஆளே மாறிப்போனார். சைக்கிள் ட்யூபைத் தோளில் கட்டி ஓடவிட்டார். தலையைத் திருப்பிப் பார்க்காமல் பந்து வாங்கினால் முட்டை கிடையாது என்றார். முட்டை என்றதும் எனக்குக் கழுத்து தானாகவே திரும்பிற்று. ஆனால் அவர் கண்டுபிடித்த பெரிய சங்கதி வேறு. ஐந்து மணிக்கு ஷிப்ட் முடிந்ததென்று மில் சங்கு, அதுதான் சைரன், ஊதும். மைதானம் மில் மதிலை ஒட்டியே இருந்தது. சங்கு ஊதியதும் எங்கள் கால் நின்றுவிடும். யாரும் நிற்கச் சொல்லவில்லை. வருஷக்கணக்காகச் சங்குக்கு மெஷினை விட்டுக் கையை எடுத்த உடம்பு, மைதானத்திலும் அப்படியே நின்று கேட் பக்கம் திரும்பிப் பார்க்கும். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "அட சாமிகளா! பந்த உட்டுப்போட்டு எங்கடா பாக்கறீங்க? இங்கயுமாடா உங்களுக்கு ஷிப்ட்டு முடியுது?" அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு ஒரே பயிற்சிதான். சங்கு கேட்டால் பந்து யார் காலில் இருந்தாலும் முன்னால் போக வேண்டும், செல்வராஜ் ஓட வேண்டும். செல்வராஜ் எங்கள் முன்கள ஆள், ஓட்டத்தில் குதிரை. முதல் சில நாள் முட்டிக்கொண்டு விழுந்தோம். பிறகு சங்கு கேட்டாலே கால் பரபரக்கத் தொடங்கியது.

எப்படியோ ஃபைனல் வரை வந்துவிட்டோம். ஆட்டம் எங்கள் மைதானத்தில். எதிரே பீளமேட்டுப் பக்கத்து மில் டீம், ஒவ்வொருத்தனும் தூண் மாதிரி. முதல் பாதியில் நாங்கள் கோல் வாங்காததே பெரிய காரியம். இரண்டாம் பாதி ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பந்து என் காலில் இருந்தபோது சங்கு ஊதியது. என்னை மறித்து நின்றவன் சட்டென்று நிமிர்ந்து கையைத் தொங்கப்போட்டான். அவர்களும் மில்காரர்கள்தானே! நான் அடித்தேன். கூரைக்குப் போகவில்லை, நேராக செல்வராஜ் முன்னால் போய் விழுந்தது. அவன் கோல் போட்ட பிறகுதான் எதிரணிக்கு உயிர் வந்தது. "சங்கு ஊதறப்ப ஆடறது என்னுங்க நாயம்?" என்று அவர்கள் கேப்டன் ரெஃப்ரியிடம் சண்டைக்குப் போனார். ரெஃப்ரி, "நான் ஊதற விசிலுக்கு மட்டும் நில்லுங்க, போதும்" என்றார்.

மீதி நேரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். அவர்கள் அடிக்க, நாங்கள் தடுக்க, அண்ணன் நொண்டி நொண்டிக் கோட்டோரமாகவே கூட வந்து, "திரும்பிப் பாருடா, திரும்பிப் பாரு" என்று தொண்டை கிழியக் கத்தினார். கடைசி விசில் கேட்டதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். தூக்கி நிறுத்த ஆள் வேண்டியிருந்தது. "ஆயுசு பூரா பந்த அடுத்தவனுக்கே தள்ளி உட்டவன் நானு. இந்த வேலைய மட்டும் ஒருத்தனுக்கும் தர மாட்டேன்டா" என்று சிரித்துக்கொண்டே அழுதார். ருக்மணியக்கா கூட்டத்தில் நின்று புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அன்றைக்கு வந்த பெருமை, என் கல்யாணத்தன்றுகூட வரவில்லை. என் மனைவி இதைப் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

லேபர் ஆபீசர் சொன்ன சொல் தவறவில்லை. பிறகு பொள்ளாச்சி, திருப்பூர் என்று போன இடமெல்லாம் எங்கள் டீமைக் கண்டால் ஒரு பயம் இருந்தது. மற்ற மில்காரர்கள் அவரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை.

அந்தப் பர்மனென்ட் வேலை சில வருஷம்தான். பஞ்சு விலை, மின்வெட்டு, என்னென்னவோ காரணம் சொல்லி முதலில் டீமைக் கலைத்தார்கள், அப்புறம் மில்லையே மூடினார்கள். இன்று மைதானத்தின் மேல் அடுக்குமாடி நிற்கிறது. அங்கே குடியிருக்கிறவர்களிடம், உங்கள் கார் நிறுத்துமிடத்தில்தான் நாங்கள் கோப்பை வாங்கினோம் என்று ஒருமுறை சொன்னேன். வாட்ச்மேன் என்னை வெளியே போகச் சொன்னார், மரியாதையாகத்தான்.

மில் மூடிய அன்று எல்லோரும் அழுது வடிந்துகொண்டு கேட்டைத் தாண்டினோம். மருதாசலம் அண்ணன் மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தார். "என்னுங்ணா, இப்புடி ஆயிப்போச்சே" என்றேன். அவர் கேட்டுக்கு வெளியே வந்து நின்று, சட்டையை ஒருமுறை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"மில்லுதாண்டா போச்சு. நான் பர்மனென்ட் ஆளாத்தான வெளிய வந்துருக்கறேன்."