பூட்டு சாரின் இடது கை

பாஸ்வேர்டை வலது கையின் ஒற்றை விரலால்தான் அடிப்பார். இடது உள்ளங்கை விசைப்பலகைக்கு மேல் கூரைபோல் கவிழ்ந்திருக்கும். ஏடிஎம்மில் அப்படி நின்றால் சரி. மைக்ரோவேவில் பால் சூடாக்கும்போதும் அதே கூரைதான். "எத்தனை செகண்டுன்னு எனக்குக்கூட தெரியக் கூடாதா?" என்பாள் மனைவி. "பழகிடுச்சும்மா" என்பார். கை மட்டும் இறங்காது.

அலுவலகத்தில் அவர் பூட்டு சார். ரத்தப் பரிசோதனை முடிவுகளை இணையத்தில் ஏற்றித் தரும் நிறுவனம் அது. யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் கர்ப்பம், யாருக்கு வீட்டில் இன்னும் சொல்லாத வியாதி, எல்லாம் ஒரே தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதன் பாஸ்வேர்டு பூட்டு சார் பொறுப்பு. யாராவது திரையைப் பூட்டாமல் தண்ணீர் குடிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் அதில் பெரிய எழுத்தில் 'வீடு திறந்திருக்கு' என்று அடித்து வைத்துவிடுவார். ஒட்டுத்தாளில் பாஸ்வேர்டு எழுதி வைத்திருந்தால் தாளைக் கிழித்து, துண்டுகளை இரண்டு குப்பைத்தொட்டிகளில் பிரித்துப் போடுவார்.

அவர்களுடைய மென்பொருள் கன்டெய்னர் எனும் சின்னச் சின்னப் பெட்டிகளாக ஓடுகிறது. ஒன்று விழுந்தால், மேஸ்திரி மாதிரி மேலே நிற்கும் இன்னொரு மென்பொருள் உடனே புதிதாக ஒன்றை எழுப்பிவிடும். எழும் ஒவ்வொன்றும் கண் விழித்ததுமே தரவுத்தளத்தின் பாஸ்வேர்டைக் கேட்கும். அதற்காகவே பூட்டு சார் ஒரு கோப்பு செய்து, நிறுவனத்தின் நிரல்கள் எல்லாம் கிடக்கும் பொதுக் களஞ்சியத்தில் போட்டிருந்தார். அந்த வகைக் கோப்புக்குப் பெயரே 'சீக்ரெட்'. உள்ளே பாஸ்வேர்டு தலையும் வாலும் புரியாத எழுத்துக் குவியலாகக் கிடந்தது. மூன்று வருடமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

மென்பொருள் சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண்மணி இரண்டாவது வாரமே அவர் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"சார், இது பூட்டே இல்ல. அதே பாஸ்வேர்டை வேற எழுத்துல எழுதி வச்சிருக்கு, அவ்வளவுதான்."

ஒரே வரிக் கட்டளைதான் அடித்தாள். பாஸ்வேர்டு திரையில் பல்லிளித்தது. சாரின் இடது கை பாய்ந்துபோய்த் திரையை மூடியது. மூன்று வருடமாக அலுவலகத்தின் நாற்பது பேர் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்ததை இப்போது மூடினார்.

"சத்தமில்லாம மாத்திடலாமே சார்? நான் மூச்சு விட மாட்டேன்."

ஒரு நிமிடம் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு நாற்காலியில் சாய்ந்தார். "மாத்திடலாம்மா. ஆனா இதுக்குள்ள யாராவது உள்ள போய்ப் பார்த்திருக்காங்களான்னு தேடணும்ல? தேடணும்னா சொல்லணும். வேலை போனாலும் போகட்டும்."

மறுநாள் காலைக் கூட்டத்தில் பெரிய திரையில் அவரே அடித்தார்: வீடு திறந்திருக்கு.

"யார் சார் பூட்ட மறந்தது?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"நான்தான்" என்றார். "வாசல்ல நின்னு உங்க ஒவ்வொருத்தர் பையையும் சோதிச்சேன். பின்கதவுல பூட்டு மாதிரி ஒரு படம் வரைஞ்சு, அதை மூணு வருஷமா ஆட்டிப் பார்த்து திருப்திப்பட்டுக்கிட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள், அவர் சிரிப்புதான் உரக்கக் கேட்டது. நிர்வாகி மேடம் மட்டும் சிரிக்கவில்லை.

"யாரோட ரிப்போர்ட்டாவது வெளிய போயிருந்தா?"

"குத்தவாளி லிஸ்ட்ல முதல்ல என் பேரை எழுதுங்க மேடம்."

தரவுத்தளத்துக்குள் யார் யார் நுழைந்தார்கள் என்ற மூன்று வருடப் பதிவுகளை நான்கு நாள் துழாவினார்கள். அந்நியர் நுழைந்த தடயம் எதுவும் அகப்படவில்லை. "இருந்து, எனக்குத்தான் கண்ணு தெரியலையோ?" என்று இன்னொருவரையும் உட்கார வைத்துப் பார்க்கச் சொன்னார் சார். அவருக்கும் எதுவும் கிடைக்கவில்லை.

ஐந்தாம் நாள் புதிய ஏற்பாடு வந்தது. பாஸ்வேர்டு இனி தனிப் பெட்டகத்தில் இருக்கும். இயந்திரமே அதை உருவாக்கும், மாதம் ஒருமுறை மாற்றும், தேவைப்படும் கன்டெய்னருக்கு மட்டும் கையில் கொடுக்கும். மனிதர் எவருக்கும் தெரியாது.

"எனக்குக்கூட தெரியக் கூடாதா?" என்றார் சார். மனைவியின் குரல் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே கேட்டது.

"முக்கியமா உங்களுக்கு" என்றாள் சோதனைப் பிரிவுப் பெண்மணி.

தொடங்கி வைக்கும் வேலையை மேடம் அவரிடமே கொடுத்தார். நாற்பது பேரும் பின்னால் வந்து நின்றார்கள். அடிக்க வேண்டிய எழுத்து ஒன்றுகூட இல்லை. என்டரைத் தட்டினால் போதும். பூட்டு சார் ஆள்காட்டி விரலை அதன்மேல் வைத்தார். திரும்பி ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார். பிறகு இடது உள்ளங்கையைக் கூரையாகக் கவிழ்த்துக்கொண்டு அழுத்தினார்.