மேனேஜரின் காலடி மண்

கார்மேகம் சிவகங்கைப் பக்கத்து ஆள். அமீரகத்தில் அல் ஐன் நகரத்துக்கு வெளியே ஒரு பால் பண்ணையில் ஒன்பது வருடமாக வேலை. 2003-இல் அவர் பொறுப்பில் நாற்பது மாடுகள் இருந்தன. எந்த மாட்டையும் வாய்விட்டுப் புகழ மாட்டார். புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்பது அவர் கணக்கு.

மேனேஜர் டெக்லனுக்கு அந்தப் பயமெல்லாம் இருந்ததாகத் தெரியவில்லை. அயர்லாந்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஒருநாள் புதிதாக ஈன்றிருந்த 417-ஆம் எண் மாட்டின் மடியைப் பார்த்து, இந்தப் பண்ணையிலேயே இதுதான் அழகி என்று தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் பால் பாதியாகிவிட்டது. டாக்டர் ஊசி போட்டும் ஏறவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, வியாழக்கிழமை கசாப்புக்குப் போகும் பட்டியலில் 417-ஐயும் சேர்த்தார்கள்.

ஈனும்போது வயிற்றுக்குள் தலை திரும்பிக் கிடந்த கன்றைக் கையை விட்டு எடுத்து அந்த மாட்டைப் பிழைக்கவைத்தவர் கார்மேகம். அதை வண்டியில் ஏற்ற அவருக்கு மனம் வரவில்லை.

ஊராக இருந்தால் கண்வைத்தவரின் காலடி மண்ணை மிளகாய், உப்போடு சேர்த்து மாட்டைச் சுற்றி அடுப்பில் போட்டிருப்பார். இங்கே கொட்டில் முழுக்கச் சிமெண்டுத் தரை. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. அதில் பூட்ஸை நனைக்காமல் யாரும் உள்ளே நுழைய முடியாது. மண்ணுக்கு எங்கே போவது?

புதன்கிழமை காலை, ஆபீஸ் வாசலில் டெக்லன் கழற்றிப்போட்டிருந்த பூட்ஸைக் கவிழ்த்து, டீ ஸ்பூனால் அடிப்பாகத்தைச் சுரண்டினார். சூப்பர்வைசர் காதர் மைதீன் பார்த்துவிட்டார்.

"என்னப்பா கார்மேகம், பூட்ஸ் தொடைக்கிற டூட்டி எப்பலேர்ந்து?"

"கத்தாதீக பாய். இவரு கண்ணுதேன் பட்டுருக்கு. கொஞ்சூண்டு மண்ணு, அம்புட்டுத்தேன்."

"அவரு பாத்தாருன்னா விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்தி விட்ருவாரு. காலடி மண்ணாம்ல!"

டெக்லன் கதவருகில் நின்றிருந்தார். காதர் மைதீன் கூச்சத்தோடு இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னார். டெக்லன் சிரிக்கவில்லை. தணிந்த குரலில் ஏதோ சொன்னார்.

"அவுக ஊர்லயும் இது உண்டாம்ப்பா," என்றார் காதர் மைதீன். "மாட்டப் புகழ்ந்தா கூடவே கடவுள் காப்பாத்தட்டும்னு சொல்லிறணுமாம். சொல்லாம விட்டவன் திரும்பி வந்து மாட்டு மேல துப்பணுமாம். அன்னைக்கு மறந்துட்டாராம்."

"அப்ப வந்து துப்பச் சொல்லுங்க பாய். மண்ணு வேணாம்."

டெக்லன் வந்தார். மருந்துத் தண்ணீரில் பூட்ஸை நனைத்தார். வேறு யாரும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, தன் தாய்மொழியான ஐரிஷில் ஒரு வாக்கியம் முணுமுணுத்து, 417-இன் முதுகில் மூன்று முறை துப்பினார். கொட்டிலுக்குள் துப்பக் கூடாது என்று சுவரில் தொங்கிய அறிவிப்பில் இருந்தது அவருடைய கையெழுத்துதான்.

மறுநாள் பால் ஒரு லிட்டர் கூடியது. எந்த மாட்டுக்கும் ஒருநாள் கூடி ஒருநாள் குறைகிற அளவுதான். அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் வண்டி வந்தபோது பட்டியலில் 417 என்ற எண் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தது. ஏன் என்று காதர் மைதீன் கேட்டதற்கு, இன்னும் ஒரு மாதம் பார்ப்போம் என்றார் டெக்லன். தன் கண் பட்ட மாட்டைத் தானே வெட்டுக்கு அனுப்ப அவரால் முடியவில்லை போலும்.

பட்டியலில் மீதி இருந்த ஆறு மாடுகளையும் கார்மேகம்தான் ஏற்றினார். அவற்றுக்காக யாரும் எதுவும் செய்திருக்கவில்லை.