கூடாரத்தில் மோகனம்

போன சனிக்கிழமை மத்தியானம் மைதானத்தில் பயாஸ்கோப் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை ஆபீஸ் அரை நாள்தானே? வேறென்ன வேலை?

கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். கப்பல் துறையில் மூட்டை தூக்குகிறவர்கள், டிராம் கண்டக்டர்கள், காலேஜில் படிப்பவர்கள், என் போன்ற குமாஸ்தாக்கள் — எல்லோரும் இடித்துக்கொண்டு ஒரே பெஞ்சில். இடது பக்கம் மூங்கில் தட்டி கட்டி, பெண்களுக்குத் தனி இடம். திரைக்குப் பக்கத்தில் ஒரு பியானோ. வாசிக்க ஆள் இல்லை. பியானோவின் காலடியில் ஒரு ஜமுக்காளம். அதில் வயலினோடு என் சிநேகிதர் வைத்தியநாதன்... முகத்தில் ரத்தமே இல்லை.

அவர் எப்படி அங்கே வந்தார்?

பவானிபூரில் நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் குடியிருக்கிறோம். அவர் கீழே, நான் மாடியில். வேலையும் ஒரே கம்பெனியில். ஆபீஸில் அவர் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசி நான் கேட்டதில்லை. பேச்செல்லாம் விடிகாலை ஒரு மணி நேரம், வயலினில்தான். வருஷத்துக்கு ஒரு தரம் ராமநவமி பஜனையில் வாசிப்பார். கேட்க நம்மவர்கள் இருபது பேர் இருப்போம். அதற்கே இரண்டு நாள் முன்பிருந்து மனுஷருக்குச் சாப்பாடு இறங்காது.

எதிர் வீட்டு நிதாய் பாபு பயாஸ்கோப் மெஷின் ஓட்டுகிறவர். மெஷினின் கைப்பிடியைச் சுற்றினால்தான் படம் ஓடும். வேகமாகச் சுற்றினால் வேகமாக, மெதுவாகச் சுற்றினால் மெதுவாக. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை காலை நான் கீழே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். வைத்தியநாதன் வாசித்து முடித்து வயலினை உறையில் வைக்கிற சமயம். நிதாய் பாபு வாசலில் வந்து நின்றார். அவர் பேசியது வங்காளியில், தமிழில் சொல்கிறேன்.

"பாபு, எனக்கு உங்க பேஹாலா வேணும்."

வயலினுக்கு இந்த ஊரில் அதுதான் பேர். இரவல் கேட்கிறார் என்று வைத்தியநாதன் வயலினை மார்போடு அணைத்துக்கொண்டார்.

"அது மட்டும் போதாது. நீங்களும் வரணும்" என்றார் நிதாய் பாபு.

விஷயம் இதுதான். கூடாரத்தில் பியானோ வாசிக்கும் கோவாக்காரர் காய்ச்சலில் படுத்துவிட்டார். குதிரைப் பந்தயம், கப்பல் கிளம்புவது போன்ற படங்களுக்குப் பாதகமில்லை, சத்தமில்லாமலே ஓட்டிவிடலாம். ஒரே ஒரு படத்துக்குத்தான் அது நடக்கவில்லை. சீமையிலிருந்து வந்த படம். ஒரு பெண் ஆடுகிறாள். அந்த ஆட்டத்துக்கு பாலே என்று பெயராம்.

"பியானோ இருந்தப்போ ஜனங்க மூச்சு விடாம பார்த்தாங்க. நேத்து சத்தமில்லாம ஓட்டினேன். சிரிச்சாங்க, பாபு. விசிலடிச்சாங்க. யாரோ பைத்தியக்காரி குதிக்கிறாள்னு நினைச்சுட்டாங்க. அந்தப் படத்தையே எடுத்துடுன்னு முதலாளி சொல்லிட்டார். சனிக்கிழமை மட்டும் ஓட்டிப் பார்க்கறேன்னு கெஞ்சி வச்சிருக்கேன்."

கைப்பிடி சுற்றுவது பிழைப்பு. அதற்காக யாராவது கெஞ்சுவார்களா? திரையில் இருக்கும் ஒருத்தியை நாலு பேர் பார்த்துச் சிரித்தது இந்த மனிதருக்குப் பொறுக்கவில்லை.

"எனக்கு அவா சங்கீதம் தெரியாதே" என்று வைத்தியநாதன் இழுத்தார்.

நான் வங்காளியில் சொன்னேன். நிதாய் பாபு, "அவளுக்கும் இவரோட சங்கீதம் தெரியாது. அதனால என்ன?" என்றார்.

வைத்தியநாதன் என் பக்கம் திரும்பினார். "சுவாமி படத்துக்கு முன்னாடி வாசிக்கறதுக்கே எனக்கு உதறும். கூடாரத்துல, முன்பின் தெரியாத அத்தனை பேர் எதிர்ல... முடியாது ஓய். சொல்லிடும்."

நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உள்ளிருந்து அவர் மனைவி தங்கம் காபியோடு வந்தார்.

"ஏன்னா, அங்கே பொம்மனாட்டிகளுக்கு இடம் உண்டான்னு கேளுங்கோ."

கேட்டோம். உண்டு என்றார் நிதாய் பாபு.

"அப்போ போலாம். பதினோரு வருஷமா நீங்க வாசிக்கறதை நான் அடுப்பங்கரையிலேர்ந்துதான் கேட்டிண்டிருக்கேன். ராமநவமியிலயும் சுண்டல் தாளிச்சிண்டேதான். ஒரு தரம் எதிர்ல உட்கார்ந்து, கையில ஒரு வேலையும் இல்லாம கேக்கறேனே."

வைத்தியநாதன் நிதாய் பாபுவைப் பார்த்துத் தலையாட்டினார். காபியைக் குடித்தார்.

இப்போது கூடாரத்துக்கு வாருங்கள்.

குதிரைகள் ஓடி முடித்தன. கப்பல் கிளம்பிப் போயிற்று. பிறகு அவள் வந்தாள். வெள்ளை உடை, இடுப்பைச் சுற்றிக் குடை மாதிரி விரிந்திருந்தது. கால் கட்டைவிரல் நுனியில் நின்றாள். அப்படியே சுழலத் தொடங்கினாள்.

வைத்தியநாதன் வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஆனந்தபைரவியை எடுத்தார்... நிதானமாக, விடிகாலையில் வாசிக்கிறாரே, அதே நிதானம். அங்கே அவள் பம்பரமாகச் சுற்றுகிறாள். இங்கே இவர் ஊஞ்சல் ஆட்டிக்கொண்டிருக்கிறார்.

"பேஹாலா தூங்குது, மேம்சாகிப் ஓடறா" என்று ஒருத்தன் கத்தினான். சிரிப்பு கிளம்பியது. மூங்கில் தட்டிப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியமில்லை.

அப்போதுதான் அது நடந்தது.

அவள் மெல்ல மெல்லத் தணிந்தாள். சுழன்ற உடை இறங்கியது. ஒரு கை, தண்ணீருக்குள் இருப்பது போல, மேலே எழுந்தது... எழுந்துகொண்டே இருந்தது. இதென்ன மாயம்? திரும்பிப் பார்த்தேன். நிதாய் பாபு தலையைச் சாய்த்து வயலினைக் கேட்டபடி, ஆட்டுரலில் மாவு ஆட்டுவது போல அத்தனை பொறுமையாகக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

சிரிப்பு ஓய்ந்தது. அந்த நிசப்தம் உறைத்ததோ என்னவோ, வைத்தியநாதன் கண்ணைத் திறந்தார்.

அவளைப் பார்த்தார். வில் நின்றுவிட்டது. நானும் அவரோடு சேர்ந்து மூச்சை நிறுத்தினேன். அவள் ஒற்றை விரலில் நின்றபடி, அடுத்து என்ன என்று அவரையே கேட்பது போல இருந்தது.

மோகனத்தை எடுத்தார்.

ஆரம்பத்திலேயே துள்ளலாக எடுத்தார். நிதாய் பாபுவின் கை வேகம் பிடித்தது. அவள் தாவினாள். வில் ஏறினால் அவள் ஏறினாள். இவர் ஒரு ஸ்வரத்தில் நின்றால் அவள் அந்தரத்தில் நின்றாள். யார் யாருக்குப் பின்னால் போனார்கள்? எனக்குத் தெரியவில்லை. எந்தத் தேசத்திலோ, என்றைக்கோ, வேறு ஏதோ வாத்தியத்துக்கு ஆடிவிட்டுப் போன பெண் அவள். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அன்று மத்தியானம் அவள் மோகனத்தைக் கேட்டுத்தான் ஆடினாள். நான் பார்த்தேன்.

மொத்தமே சில நிமிஷம். திரை வெறும் வெள்ளையாயிற்று. பிறகு பின் வரிசையிலிருந்து ஒரு குரல், "ஆபார்..." மறுபடியும் என்று அர்த்தம். அப்புறம் கூடாரம் முழுக்க அதே வார்த்தை. மூன்று தரம் ஓட்டினார்கள். மூன்றாம் தரம் என் பக்கத்திலிருந்த மூட்டைக்காரர் தோள் சாக்கை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நல்ல சங்கீதம் கேட்க நமக்கு என்னவெல்லாம் வேண்டியிருக்கிறது? பெரிய மனிதர் வீட்டு அழைப்பு, முன் வரிசையில் இடம், ராகத்தின் பெயர் தெரிந்த முகபாவம்... அந்த மூட்டைக்காரருக்கு இதில் ஒன்றும் இல்லை. காது இருந்தது. கண் இருந்தது. எங்கள் ராமநவமிக் கூட்டத்தில் யாரும் மோகனத்தைக் கேட்டு முகம் துடைத்து நான் பார்த்ததில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்குக் குதிரை வண்டியில் திரும்பினோம். காளிகாட் ரோடு வரும்போது வைத்தியநாதனுக்குத் தாங்கவில்லை.

"எப்படி இருந்தது? ஏதாவது சொல்லேன்."

"நீங்க கண்ணைத் திறந்து வாசிச்சு நான் இன்னிக்குத்தான் பார்த்தேன்" என்றார் தங்கம். கொஞ்ச தூரம் போனபின், "இனிமே கார்த்தால வாசிக்கும்போது நான் கூடத்துல வந்து உட்காருவேன். காபி கொஞ்சம் தாமதமாத்தான் வரும்" என்றார்.

படத்தை எடுத்துவிடச் சொன்ன முதலாளி இப்போது அதைக் கடைசியில், முக்கிய ஐட்டமாகப் போடுகிறாராம். கோவாக்காரரும் காய்ச்சல் தேறி வந்துவிட்டார். ஆகவே நம்மவர் மறுபடி வெறும் குமாஸ்தா.

திங்கட்கிழமை காலை இருவரும் டிராமில் ஆபீஸ் போனோம். கண்டக்டர் ஏதோ சீட்டியடித்தபடி வந்தார். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால்... சனிக்கிழமை மோகனம். ஆனால் மோகனத்தில் இல்லவே இல்லாத மத்தியம ஸ்வரத்தை மனுஷர் நடுவில் நுழைத்துவிட்டார்.

முன்பின் தெரியாதவர்களிடம் பேசாத வைத்தியநாதன், அவர் கையைத் தொட்டு நிறுத்தி, சன்னமாகச் சரியாகப் பாடிக் காட்டினார். கண்டக்டர் திருப்பிச் சீட்டியடித்தார். தப்பு. இவர் மறுபடி பாடினார். டிராமே திரும்பிப் பார்த்தது. இவர் கவலைப்படவில்லை.

டல்ஹவுசி ஸ்குவேர் வருவதற்குள் அந்த மத்தியமம் டிராமை விட்டு இறங்கிவிட்டது.