நானூற்றுப் பன்னிரண்டாம் அறை

எங்கள் ஓய்வு விடுதியில் மொத்தமே பன்னிரண்டு அறைகள்தான். விமானம் ஓட்டிவிட்டு வருகிறவர்கள் அடுத்த பயணம் வரைக்கும் படுத்து எழுந்து போகிற இடம் அது. பகலிலும் இருட்டாக இருக்கும்படி சன்னல்களுக்குத் தடித்த கறுப்புத் திரை போட்டிருக்கும். அவர்களை நேரத்துக்கு எழுப்புவது என் வேலை.

கதவை மூன்று முறை தட்ட வேண்டும். உள்ளே இருப்பவர் "எழுந்துட்டேன்" என்று சொன்னால் மட்டும் போதாது. முன்பு ஒருவர் தூக்கத்திலேயே அப்படிச் சொல்லிவிட்டுப் புரண்டு படுத்ததில் ஒரு விமானம் முழுக்க ஆட்கள் ஒரு மணி நேரம் காத்துக் கிடந்தார்களாம். அதிலிருந்து அறை எண்ணையும் கேட்கிறோம். அவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே நோட்டில் எழுத வேண்டும். கிளம்பும்போது அதற்கு நேரே அவர் கையெழுத்துப் போடுவார்.

ஆறாம் அறைக்கு அடிக்கடி வருகிற துணை விமானிக்கு நாங்கள் வைத்த பெயர் அரைக்காபி. எந்தக் காபியையும் அவர் பாதிக்கு மேல் குடித்ததில்லை. முப்பத்திரண்டு வயது இருக்கலாம். கிளம்பும்போது துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டுப் போவார், நான் அதை எப்படியும் துவைக்கத்தான் போடுவேன் என்று தெரிந்தும். அவருடைய அப்பா பஸ் ஓட்டியவர். "முப்பத்தோரு வருஷம்க்கா. ஒரு நாள்கூட முடியலைன்னு சொன்னதில்ல" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். பெருமையாகத்தான் சொன்னார். சொல்லி முடித்துக் கழுத்தைத் தேய்த்துக்கொண்டார்.

இரண்டு மாதத்தில் அவரைக் கேப்டன் ஆக்குவதாக இருந்தது. அவருடைய மகள் அட்டையில் ஒரு கேப்டன் தொப்பி செய்து வைத்திருந்தாள். அது அவர் தலையில் பாதிகூட இறங்கவில்லையாம்.

அந்த வாரம் அவருக்கு வேலை நேரம் தாறுமாறாக விழுந்திருந்தது. ஐந்து நாளில் நான்கு ஊர், நான்கு படுக்கை. அன்று காலை ஏழு மணிக்கு வந்து படுத்தார். ஒன்பது மணிக்கு மேல்மாடியில் குழாய் மாற்றுகிறவர்கள் சுவரைத் துளைக்க ஆரம்பித்தார்கள். நான் படியேறிப் போய் நின்றேன். நிறுத்தச் சொல்ல நினைத்தது வாய் வரைக்கும் வந்தது. அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்காது என்று பட்டதால் இறங்கி வந்துவிட்டேன்.

இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினேன்.

"எழுந்துட்டேன்."

"ரூம் நம்பர் சொல்லுங்க தம்பி."

"நானூத்திப் பன்னெண்டு."

மறுபடி தட்டிக் கேட்டேன். உள்ளே குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "அதான் சொன்னேனேக்கா. நானூத்திப் பன்னெண்டு." குரல் தெளிவாக இருந்தது.

நோட்டில் எழுதினேன்: மணி 2. அறை 6. சொன்னது 412, இரண்டு முறை.

மேனேஜர் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "என்னம்மா இது? நம்மகிட்ட ஏது நாலு மாடி?"

"அவர் சொன்னதுங்க."

"ஏதோ தூக்கக் கலக்கத்துல சொல்லியிருப்பாரு. ஆறுன்னு திருத்திடு. வெளியே கார் வந்து நிக்குது."

முகம் கழுவிக்கொண்டேதான் அதைச் சொன்னார் என்று மேனேஜருக்கு எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. பேனாவை மூடி வைத்தேன்.

"உன்கிட்ட பேசுறதுக்கு அந்தச் சுவர்கிட்ட பேசலாம். அதுலயாவது ஓட்டை போட்டுட்டாங்க" என்றார் மேனேஜர்.

அரைக்காபி சீருடையில், தலை வாரி, பையை இழுத்துக்கொண்டு வந்தார். கையெழுத்துப் போடக் குனிந்தவர் சிரித்தார். "யாருக்கா இந்த நானூத்திப் பன்னெண்டு?"

"நீங்கதான் தம்பி."

அவர் உதட்டில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. "நாலு நாளைக்கு முன்னாடி தங்கின ஓட்டல் ரூம் அது" என்றார் மெதுவாக. "முகம் கழுவும்போதுகூட அங்கதான் இருக்கேன்னு நினைச்சேன்."

வெளியே கார் ஹாரன் அடித்தது. அவர் நோட்டைப் பார்த்தபடியே பேசினார். "இந்த நேரத்துல முடியலைன்னா, கேப்டன் ஆகப்போறவன் தூங்குமூஞ்சின்னு பேராயிடும். ஒரு காபி குடிச்சா சரியாயிடும், இல்லக்கா?"

"நீங்க எந்தக் காபியை முழுசா குடிச்சிருக்கீங்க?" என்றேன். என் வாயிலிருந்து அப்படி வருமென்று நானே எதிர்பார்க்கவில்லை.

அவர் பையை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். செல்போனில் விமானக் கம்பெனியைக் கூப்பிட்டு, இன்று ஓட்ட முடியாது என்றார். எதிர்முனையில் பேசியவர் குரல் எனக்கும் கேட்டது.

"காய்ச்சல்னு போட்டுக்கவா சார்? சுலபமா முடிஞ்சிடும்."

"காய்ச்சல் இல்லைங்க. தூக்கம் பத்தல. களைப்புன்னே போடுங்க."

"அப்படின்னா படிவம் நிரப்பணும். ஏன் எதுக்குன்னு கேப்பாங்க."

"நிரப்புறேன்."

காரை மேனேஜர் திருப்பி அனுப்பினார். பிறகு அரைக்காபி தன் அப்பாவைப் போனில் கூப்பிட்டார். அதற்குத்தான் அதிக நேரம் யோசித்தார். "இன்னிக்கு நான் ஓட்டலப்பா. களைப்பா இருக்குன்னு சொல்லிட்டேன்."

அப்பாவின் குரலும் எனக்குக் கேட்டது. "சொன்னா விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்க."

"எங்களுக்கு அப்படிச் சொல்லிக்க ஒரு ஆளே கிடையாதுடா. போய்ப் படு."

அறையை மாற்றிக் கடைசிப் பக்கம் இருந்த பதினொன்றைத் திறந்து கொடுத்தேன். மேனேஜரே மாடியேறிப் போய்ச் சத்தத்தை நிறுத்தினார். மூன்றரை மணிக்குப் படுத்தவர் அடித்துப் போட்டது போலத் தூங்கினார். வேறொருவர் வந்து ஓட்டிய அந்த விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகப் போனதாகச் சொன்னார்கள். அவர் கேப்டன் ஆனதும் ஒரு மாதம் தள்ளித்தான்.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தட்டினேன்.

"எழுந்துட்டேன்க்கா. பதினொண்ணு. நேத்து நீங்கதான் மாத்தி விட்டீங்க."

எழுதிக்கொண்டேன். அவர் போன பிறகு உள்ளே போய்ப் பார்த்தேன். துண்டு நாலாக மடித்திருந்தது. காபி பாதி அப்படியே இருந்தது.