நாலரை மணி நேரக் கணக்கு

எங்கள் தாத்தா இறந்த மறுநாளும் கூடத்திலேயே கிடந்ததற்கு நான் போட்ட கணக்குதான் காரணம். அப்போது எனக்குப் பத்து வயது. அறுபதைத் தாண்டிய பிறகும் அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அப்பா அஸ்ஸாமில் ஒரு சின்ன விமான நிலையத்தில் ஓடுபாதைக்கு ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார். ஜல்லியை விட்டுவிட்டு, விமான நிலையத்தில் வேலை என்று மட்டும் நான் பள்ளிக்கூடத்தில் சொல்லி வைத்திருந்தேன். தாத்தாவுக்கு அவர் ஒரே பிள்ளை, கொள்ளி வைக்க வேண்டியவர். தந்தி கொடுத்தோம். புறப்பட்டுவிட்டதாக மறுநாள் காலையில் பதில் வந்தது. அன்றைக்கே தூக்குவதா, காத்திருப்பதா என்று குழம்பிய பங்காளி வீட்டுப் பெரியப்பா, படிக்கிற பிள்ளையென்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, உங்கப்பன் வந்து சேர எம்மா நேரம் ஆவும்?”

அட்லஸை விரித்து, அஸ்ஸாமிலிருந்து உளுந்தூர்பேட்டைக்கு நூல் பிடித்து அளந்தேன். உளுந்தூர்பேட்டையில் வெள்ளைக்காரன் காலத்து ஓடுபாதை ஒன்று இருப்பது எனக்குத் தெரியும். அங்கே ஒரு விமான நிலையம், இங்கே ஒரு விமான நிலையம், நடுவில் இரண்டாயிரத்து முந்நூறு கிலோமீட்டர். மணிக்கு ஐந்நூறு என்று வகுத்தேன். நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அத்தனை பெரியவர்கள் இருந்தும், எந்த விமானம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

“புள்ள கணக்கு போட்டு சொல்லிட்டா. அவரு வந்து மொகம் பாக்காம தூக்க வேணாங்க,” என்றாள் அம்மா.

அப்பாவை அழைத்துவர, அம்மாவின் தம்பியான என் மாமாவையும் என்னையும் பஸ் ஏற்றிவிட்டார்கள். மலையடிவாரத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து கள்ளக்குறிச்சி, அங்கிருந்து உளுந்தூர்பேட்டை. ஓடுபாதை நெடுக வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. கடலையைத் துழாவிக்கொண்டிருந்த பெண்ணிடம் பிளேன் எத்தனை மணிக்கு என்று மாமா விசாரித்தார்.

“பிளேனா? நான் வாக்கப்பட்டு வந்ததுலேர்ந்து இங்க காக்காதான் எறங்குது,” என்றாள் அவள்.

மாமா சிரிக்கவில்லை. எதற்கும் இருக்கட்டுமென்று கடலையைக் கொஞ்சம் ஒதுக்கி இடம் விடச் சொன்னார். அவளும் அலுத்துக்கொண்டே ஒதுக்கினாள். அண்ணாந்து பார்த்துப் பார்த்து எனக்குக் கழுத்து வலித்தது. மூன்று மணி சுமாருக்கு மாமா எழுந்தார்.

“வா பாப்பா, போலாம். இதுக்கு மேல தாங்காது.”

எது தாங்காது என்று நான் கேட்கவில்லை.

ஊரில் எல்லாம் தயாராக இருந்தது. பஸ்ஸிலிருந்து நாங்கள் இரண்டு பேர் மட்டும் இறங்கியதை அம்மா பார்த்தாள். பெரியப்பா கொள்ளிச் சட்டியை எடுத்துக்கொண்டார்.

அப்பா ஐந்தாம் நாள் வந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. ரயிலில் கக்கூஸ் பக்கத்தில் நின்றுகொண்டே வந்தாராம். கூடத்தில் உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். ஏன் பிளேனில் வரவில்லை என்று நான் போய்க் கேட்டேன்.

“நம்மள யாரும்மா அதுல ஏத்துவாங்க?” என்றார். கண்ணைத் திறக்கக்கூட இல்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கைக்கெட்டும் தூரத்தில் பிளேன் நிற்கிறது. பெற்ற தகப்பன் செத்துவிட்டார் என்று சொன்னால் ஏற்றாமலா போவார்கள்? இவர்தான் கூச்சப்பட்டுக்கொண்டு கேட்காமல் வந்துவிட்டார் என்று நினைத்தேன். காரியம் முடியும்வரை அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மறுபடி வேலைக்குக் கிளம்பிய அன்று மட்டும் பக்கத்தில் போய், “அடுத்த வாட்டி வெக்கப்படாம கேளுப்பா” என்று புத்தி சொன்னேன்.

“சரிம்மா, கேக்கறேன்,” என்றார் அப்பா.